சந்தைத் திடலில் ஒரு வெள்ளைத் துணி

தவக்காலம் தொடங்குமுன் ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பது சில ஆண்டுகளாக நம் வழக்கமாகிவிட்டது. மூல ஓவியம் ஆஸ்திரியத் தலைநகராம் வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணங்களால் தீட்டப்பட்டது. உயரம் ஏறத்தாழ 118 செ.மீ., அகலம் ஏறத்தாழ 164 செ.மீ. இடப்புறக் கீழ்மூலையில் ஓவியரின் பெயரும் 1559 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. தீட்டியவர் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர், மூத்த பீட்டர் புரூகல். 'களியாட்டத்திற்கும் தவக்காலத்திற்கும் இடையே சண்டை' என்பது ஓவியத்தின் பெயர்.

பெயரைக் கேட்டதும் இரு படைகள் மோதும் போர்க்களம் ஒன்றை எதிர்பார்ப்போம். ஆனால் நாம் காண்பது ஒரு சிறு நகரத்தின் சந்தைத் திடல். மாடி வீட்டுச் சாளரம் ஒன்றில் நின்றுகொண்டு கீழே பார்ப்பதுபோல் திடல் முழுவதும் நம் கண்முன் சாய்ந்து விரிகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் அதில் நிறைந்திருக்கின்றனர். இடப்புறம் ஒரு சத்திரம், வலப்புறம் ஒரு கோவில், நடுவே ஒரு கிணறு. கிணற்றருகே மீன் விற்கிறார்கள். அதனருகே ஒரு பன்றி. சற்றுத் தள்ளி மட்பாண்டங்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வீசி விளையாடுகிறார்கள், தவறவிட்டால் உடையும். ஒரு வீட்டில் ஏணி வைத்து ஏறிச் சாளரத்தைத் துடைக்கிறாள் ஒருத்தி. கோவிலருகே பிள்ளைகள் சாட்டையால் பம்பரம் சுழற்றுகின்றனர். கண் எங்கே இறங்கினாலும் அங்கே ஒருவர் தம் வேலையில் மூழ்கியிருக்கிறார்.

சண்டை கீழே, முன்பகுதியில் நடக்கிறது. இடப்புறத்திலிருந்து களியாட்டம் வருகிறான். பருத்த மனிதன்; குதிரைக்குப் பதிலாக ஒரு மதுப் பீப்பாயின்மீது கால் பரப்பி அமர்ந்திருக்கிறான். தலையில் இறைச்சி அடைத்த பணியாரம் ஒன்று மகுடமாக இருக்கிறது. கையில் ஈட்டிக்குப் பதிலாக இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பி; அதில் பன்றித் தலை முதலாகப் பலவகை இறைச்சிகள் கோக்கப்பட்டுள்ளன. அவனை எதிர்த்து வலப்புறத்திலிருந்து வருகிறது தவக்காலம். மெலிந்து வெளிறிய அந்த உருவத்தைத் தவக்கால அம்மையார் என்றே அழைப்போம். சக்கரம் பொருத்திய பலகையில் ஒரு நாற்காலி. அதில் அம்மையார் அமர்ந்திருக்க, துறவுடையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பலகையை இழுத்து வருகின்றனர். அம்மையாரின் ஈட்டி, ரொட்டிகளை அடுப்பினுள் தள்ளும் நீண்ட மரத்துடுப்பு. அதன் நுனியில் இரண்டே இரண்டு ஹெர்ரிங் மீன்கள். நம்மூர் மத்தி மீனுக்கு உறவான வடகடல் மீன்கள் அவை. காலடியில் சிப்பிகளும் முடிச்சு வடிவ உலர் ரொட்டிகளும் கிடக்கின்றன. தலையில் ஒரு தேன்கூடு.

பின்னால் வரும் பிள்ளைகளின் நெற்றியில் சாம்பற் குறி. கையில் மரக்கட்டைகளை வைத்துத் தட்டி ஓசை எழுப்புகிறார்கள். புனித வியாழனன்று மணிகள் மௌனமானபின் நம் ஆலயங்களில் ஒலிக்கும் மரக்கட்டையின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கோவிலின் திறந்த கதவு வழியே உள்ளே பார்த்தால் சுரூபங்கள் துணியால் மூடப்பட்டிருக்கின்றன. நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்திய அந்தத் திடலில் நம் பாட்டிமாரும் வழி தெரியாமல் திகைத்திருக்க மாட்டார்கள்.

களியாட்டம் மட்டும் நமக்குச் சற்று அந்நியம். 'கார்னிவல்' என்னும் சொல் இறைச்சியை விலக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது என்பர். திருநீற்றுப் புதனுக்கு முந்திய நாட்களில், இனி நாற்பது நாளுக்குக் கிடைக்காது என்று, உண்டு குடித்து முகமூடி அணிந்து ஆடிப் பாடுவது ஐரோப்பிய வழக்கம். போர்த்துக்கீசியர் வழியாகக் கோவாவுக்கு அது வந்தது. தமிழ்ப் பங்குகளுக்குத் தவக்காலம் வந்து வேரூன்றிய அளவுக்குக் களியாட்டம் வந்து சேரவில்லை. மறைபரப்பாளர்கள் தம் பெட்டிகளில் எதைக் கொண்டுவந்தார்கள், எதை ஊரிலேயே விட்டுவந்தார்கள் என்பது தனியே ஆராயத்தக்க செய்தி.

உணவு அந்நாளில் எத்துணைப் பெரிய விஷயமாக இருந்தது என்பதை நினைவில் கொள்ளாமல் இந்த ஓவியத்தைப் பார்த்தால் இது வெறும் வேடிக்கையாகவே தோன்றும். இன்று நாம் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிப்பது இரண்டொரு நாட்களுக்கும் வெள்ளிக்கிழமைகளுக்கும் சுருங்கிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவிலோ தவக்காலம் முழுவதும் இறைச்சி மட்டுமன்றி முட்டையும், பல இடங்களில் பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. ஓவியத்தின் இடப்புற முன்பகுதியில் ஒரு பெண் நெருப்பருகே அமர்ந்து அப்பம் சுடுகிறாள். விழாப் பலகாரமாக மட்டும் அதை எண்ண வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் முட்டையும் வெண்ணெயும் புதனுக்கு முன் தீர்ந்தாக வேண்டும்.

ஒலிவ எண்ணெய் விளையும் தென்னாடுகளுக்கு வெண்ணெய் விலக்கு பெரிய துன்பமில்லை. வடநாடுகளுக்கு அது பெருந்துன்பம். ஆகவே காணிக்கை செலுத்தி விதிவிலக்குப் பெறும் வழக்கம் தோன்றிற்று. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பத் தொடங்கிய ஒரு கோபுரத்திற்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்களின் காணிக்கை அதன் கற்களில் இருக்கிறது. 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்திலே சூரிக் நகரின் அச்சகம் ஒன்றில் சிலர் வேண்டுமென்றே கொத்திறைச்சிக் குழல்களை உண்டனர். உடனிருந்த குரு உல்ரிக் ஸ்விங்லி தாம் உண்ணவில்லை. ஆயினும் அவர்களுக்கு ஆதரவாக மறையுரை ஆற்றினார். சுவிட்சர்லாந்தின் மதப் பிரிவினை அந்த இறைச்சித் துண்டுகளிலிருந்து தொடங்கியதாகவே வரலாற்றாசிரியர் எழுதுவர். அதற்கு 37 ஆண்டுகளுக்குப் பின் புரூகல் ஒரு கம்பியில் இறைச்சியையும் ஒரு துடுப்பில் மீனையும் எதிரெதிரே நிறுத்துகிறார் என்றால், ஆண்ட்வெர்ப் நகரத்தார் அதைக் கண்டு சிரித்திருப்பார்கள். சிரித்தபின் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தும் இருப்பார்கள்.

ஆண்ட்வெர்ப் என்றோம். புரூகல் 1551இல் அந்நகரின் ஓவியர் சங்கத்தில் தேர்ச்சி பெற்றவராகப் பதிவு செய்யப்பட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்று திரும்பினார். பின்னர் ஹிரோனிமஸ் கோக் என்னும் அச்சுப்படப் பதிப்பாளருக்காக வரைந்து கொடுத்துப் பெயர் பெற்றார். இந்தச் சண்டையும் புரூகலின் புதுக் கற்பனையன்று. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் ஹுவான் ரூயிஸ் என்னும் குரு தம் நெடுங்கவிதையில் இதைப் பாடியிருக்கிறார். 1558இல் பிரான்ஸ் ஹோகன்பெர்க் செதுக்கிய இதே பொருளிலான படத்தைக் கோக் வெளியிட்டிருந்தார். பழைய கதையைத் தம் நாட்டுச் சந்தைத் திடலுக்குக் கொண்டுவந்து, அதைச் சுற்றி ஓர் ஊரையே குடியேற்றியதுதான் புரூகல் செய்த வேலை.

அந்நாளில் ஆண்ட்வெர்ப் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த பெரும் வணிக நகரம். 1559ஆம் ஆண்டு அந்நாட்டுக்கு அமைதியும் கலக்கமும் கலந்த ஆண்டு. ஏப்ரலில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே நீண்ட போர் முடிவுற்றது. மே மாதத்தில் திருத்தந்தை நான்காம் பவுல், நெதர்லாந்து நாடுகளில் 14 புதிய மறைமாவட்டங்களை நிறுவினார். ஆண்ட்வெர்ப் அவற்றுள் ஒன்று. மறைமாவட்டம் கிடைத்ததென்று நகரம் மகிழவில்லை. ஆயருடன் சமய விசாரணை மன்றமும் வரும், வேற்றுச் சமய வணிகர் ஊரைவிட்டுப் போவர் என்று நகரத்தார் அஞ்சி எதிர்த்தனர். முதல் ஆயர் அங்கே வந்து பொறுப்பேற்க 1570 வரை ஆயிற்று. அதற்குள் 1566 ஆகஸ்டில் அந்நகரப் பேராலயத்தின் சுரூபங்கள் கலகக்காரரால் உடைத்தெறியப்பட்டன. மறு ஆண்டே ஆல்பா பிரபு ஸ்பானியப் படையுடன் வந்திறங்கினார். துணி போர்த்திய சுரூபங்களை 1559இல் தீட்டிய ஓவியர் அவற்றின் கதியைக் கேட்டறியும் காலம் வரை வாழ்ந்திருந்தார். 1569இல் பிரசல்ஸ் நகரில் அவர் மறைந்தார்.

இத்தகைய காலத்தில் பிறந்த ஓவியத்துக்குப் பொருள் சொல்ல அறிஞர்கள் பலர் முயன்றது வியப்பன்று. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்ட்ரிட்பெக் 1956இல் எழுதிய கட்டுரையில், களியாட்டம் லூத்தரனியத்தையும் தவக்காலம் கத்தோலிக்கத்தையும் குறிக்கும் என்றும், இரண்டையுமே ஓவியர் எள்ளி நகையாடுகிறார் என்றும் விளக்கினார். 1972இல் கெய்ன்யபே என்னும் பிரெஞ்சு நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் வேறு வழியில் சென்றார். அவர் கருத்துப்படி இந்தத் திடல் ஒரு நாள்காட்டி. குளிர்காலத் திருவிழாக்களிலிருந்து உயிர்ப்பு விழா வரையிலான நாட்கள் அனைத்தும் இந்தத் திடலைச் சுற்றி வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. இடப்புற மூலையில் தெருவழி ஊர்வலமாக வரும் தொழுநோயாளர் திருக்காட்சி விழாவை அடுத்த திங்களைக் குறிப்பர். சத்திர வாயிலில் நடிக்கப்படும் 'அழுக்கு மணப்பெண்' கூத்து களியாட்ட நாட்களுக்குரியது. வலப்புறம் செல்லச் செல்ல மரங்களும் மாறுகின்றன. இடப்புறத்தில் மொட்டையாக நிற்பவை கோவிற்பக்கம் தளிர்க்கின்றன. வீடு துடைப்பவள் உயிர்ப்பு விழாவுக்கு வீட்டை ஆயத்தம் செய்கிறாள்.

நம் மனம் கெய்ன்யபேயின் பக்கமே சாய்கிறது. சமயச் சண்டையின் சங்கேதமாக மட்டும் இதைப் படித்தால், பம்பரம் சுழற்றும் சிறுவனுக்கும் பானை வீசுபவனுக்கும் அங்கே இடமில்லை. அவர்கள் வெறும் நிரப்புப் பொருளாகிவிடுவர். புரூகல் அத்தகைய ஓவியரல்லர். அவருடைய வாழ்க்கையை 1604இல் எழுதிய கார்ல் வான் மாண்டர், புரூகல் தம் வணிக நண்பர் ஹான்ஸ் பிராங்கெர்ட் என்பவருடன் குடியானவர் உடையில், அன்பளிப்புகளும் எடுத்துக்கொண்டு, ஊர்த் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் உறவினர்போல் போய்வருவார் என்று கூறுகிறார். கதை முழுவதும் உண்மையோ, சற்றுக் கூட்டியதோ, படங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

எனினும் ஒன்றில் ஸ்ட்ரிட்பெக்குடன் வெளிப்படையாகவே மாறுபட விரும்புகிறோம். தவக்கால அம்மையாரைக் கேலிச்சித்திரமாகக் கொள்வோர் அவள் தலையிலுள்ள தேன்கூட்டைக் கவனிக்க வேண்டும். இதே 1559இல் புரூகல், கோக்கின் அச்சகத்துக்காக நற்பண்புகளை வரிசையாக வரைந்து கொண்டிருந்தார். அவற்றுள் 'நம்பிக்கை' கடல்நடுவே நங்கூரத்தின்மீது நிற்கும் ஒரு பெண். அவள் தலையிலும் இருப்பது தேன்கூடே. ஓவியரின் ஒரே கை ஒரே ஆண்டில் இரு பெண்களின் தலையில் ஒரே பொருளை வைத்திருக்கிறது. மெலிந்து முகம் வாடிய அந்த அம்மையார் சிரிப்புக்கு இடம் கொடுக்கிறாள் என்பது மெய். ஆனால் அவள் தலையில் ஏறியிருப்பது சிரிப்புக்குரியதன்று.

சண்டையைப் பார்ப்போர் யார்? இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டு அச்சுப்படியை நெடுநேரம் தேடினோம். இரு அணியினரையும் தவிர்த்தால் திடலில் ஏறத்தாழ யாருமே இந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. சத்திரத்துச் சாளரங்களிலும் வாயிலிலும் நிற்போர் கூத்தைப் பார்க்கின்றனர். மீன்காரி மீனைப் பார்க்கிறாள். மறையுரை முடிந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு கோவிலிலிருந்து வெளியேறுவோர் தங்கள் வழியே போகின்றனர். ஏறத்தாழ நடுவில் ஓர் ஆணும் பெண்ணும் நமக்கு முதுகுகாட்டி நடக்கின்றனர். வண்ண உடையணிந்த ஒரு கோமாளி பகல் வெளிச்சத்திலே கையில் தீவட்டியுடன் அவர்களுக்கு முன்னே செல்கிறான். பெண்ணின் முதுகுப்புறம் ஒரு விளக்கு தொங்குகிறது, அது எரியவில்லை. இவர்கள் வழி தவறிய மனித இனம் என்பார் சிலர். நமக்கு அவ்வளவு உறுதியில்லை. வீட்டுக்குப் போகிற ஒரு கணவனும் மனைவியுமாகவும் அவர்கள் இருக்கலாம்.

சண்டையையும் கூத்தையும் விட்டுக் கண்ணை அகற்றியபின்தான் திடலில் இன்னொரு கூட்டம் இருப்பது தெரிகிறது. கூத்துக்குச் சற்று வலப்புறம், கட்டைகளை ஊன்றி நகரும் முடவர் சிலர். அவர்களுடைய உடையில் நரிவால்கள் தைக்கப்பட்டுள்ளன. பிச்சைக்காரரைக் குறிக்கும் அடையாளம் அது. 1568இல் புரூகல் தீட்டிய, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள சிற்றோவியத்திலும் முடவர்கள் இவ்வாறே நரிவால் அணிந்துள்ளனர். களியாட்டத்தின் எல்லைக்குள் நிற்கும் இவர்களுக்கு யாரும் எதுவும் கொடுப்பதாகத் தெரியவில்லை. கோவிற்பக்கம் வந்தால், அங்கேயும் பிச்சைக்காரர். ஆனால் இங்கே கருப்புடை அணிந்த வசதி படைத்தோர் காசு கொடுக்கின்றனர். தவக்காலம் வென்றது என்று தீர்ப்புச் சொல்லச் சிலருக்கு இதுவே போதும்.

அத்தீர்ப்பைச் சொல்லுமுன் அந்நாட்டில் பிச்சை என்பது எந்நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1525இல் ஈப்பர் என்னும் பிளெமிய நகரம் தெருப்பிச்சையைத் தடை செய்தது. எல்லாக் காணிக்கைகளையும் ஒரு பொது நிதியில் சேர்த்து, விசாரித்து, ஏழைகளுக்குப் பகிர்ந்தது. மறு ஆண்டு புரூஜ் நகரில் வாழ்ந்த ஸ்பானிய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸ், ஏழைகளுக்கு உதவுதல் பற்றி ஒரு நூல் எழுதி அதைப் புரூஜ் நகர மன்றத்தாருக்கே உரித்தாக்கினார். ஏழைகளைக் கணக்கெடுக்க வேண்டும், வேலை செய்ய இயன்றவருக்கு வேலை தரவேண்டும், நகராட்சியே பொறுப்பேற்க வேண்டும் என்பன அவர் கூறிய வழிகள். பிச்சையெடுத்து வாழ்ந்த துறவற சபையினர் ஈப்பர் நகரின் ஏற்பாட்டை எதிர்த்து முறையிட்டனர். வழக்கு பாரிஸ் பல்கலைக்கழகத்தின் இறையியலாளரிடம் சென்றது. 1531இல் அவர்கள் ஏற்பாட்டை ஒப்புக்கொண்டனர். ஆயினும் பொது நிதி போதாத நிலையில் ஏழை பிச்சையெடுப்பதைத் தடுக்கலாகாது என்று எச்சரித்தனர். அதே ஆண்டு பேரரசர் ஐந்தாம் சார்லஸ், சில விதிவிலக்குகளோடு, தம் நெதர்லாந்து நாடுகள் முழுமைக்கும் பிச்சையைத் தடை செய்து ஆணையிட்டார்.

அப்படியானால் புரூகலின் திடலில் கையேந்தி நிற்போரிற் பலர் சட்டப்படி அங்கே இருக்கக் கூடாதவர்கள்! ஆணை பிறந்து 28 ஆண்டுகள் கழிந்தும் அவர்கள் அங்கே இருக்கின்றனர்.

விவாதம் அத்துடன் முடியவில்லை. 1545இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில், தொமினிக்க இறையியலாளர் தோமிங்கோ தெ சோத்தோ, ஏழைகளின் சார்பாக ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய வாதங்களுள் ஒன்று நம்மை நெடுநாள் விட்டு நீங்கவில்லை. ஏழையை வீதியிலிருந்து அகற்றி ஒரு கட்டடத்துக்குள் வைத்துச் சோறிட்டால் அவன் பசி தீரலாம். ஆனால் அவனைக் கண்ணால் காணாத ஊரில் இரக்கம் எங்கிருந்து ஊறும் என்பது அவ்வாதத்தின் சாரம். அவ்வாண்டிலேயே ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹுவான் தெ ரோப்லெஸ் இதற்கு மறுமொழி எழுதினார். ஏழைக்கு வேண்டியது ஒழுங்கான உதவி, அது வந்து சேரும் வழியைத் திருத்த வேண்டும் என்பது அவர் பக்கம். இருவரும் துறவியர், இருவரும் ஏழையை நேசித்தவர்கள். நிர்வாகம் அறிந்தவர்கள் ரோப்லெஸையே ஏற்பர். நாமும் மருத்துவமனை வேண்டுமா தெருப்பிச்சை வேண்டுமா என்று கேட்டால் மருத்துவமனை என்றே சொல்வோம். ஆனால் சோத்தோவின் கேள்விக்கு அது விடையாகாது.

புரூகல் இந்நூல்களைப் படித்தாரா என்பதல்ல செய்தி. அவர் 'நம்பிக்கை'யை வரைந்த அதே வரிசையில், அதே 1559இல், 'அன்பு' என்னும் படத்தையும் வரைந்தார். அப்படத்திலும் ஒரு திறந்தவெளி, அதிலும் ஒரு கூட்டம். நடுவே தலையில் பெலிக்கான் பறவையும் கையில் எரியும் இதயமுமாக அன்பு நிற்கிறாள். அவளைச் சுற்றிப் பசித்தோருக்கு உணவு, தாகமுற்றோருக்கு நீர், ஆடையற்றோருக்கு ஆடை, சிறையிலிருப்போரைக் காணுதல், இறந்தோரை அடக்கம் செய்தல் என இரக்கச் செயல்கள் ஏழும் நடைபெறுகின்றன. அப்படத்தையும் நம் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஊரின் இரு நாட்கள் போலத் தோன்றும். ஒன்றில் எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கிறது. மற்றொன்றில் கிடைப்பவனுக்குக் கிடைக்கிறது.

இனி, தலைப்பில் சொன்ன வெள்ளைத் துணிக்கு வருவோம்.

ஓவியத்தின் வலப்புற முன்பகுதியில், பிச்சைக்காரர் நடுவே, தரையில் ஒரு வெள்ளைத் துணி விரிந்து கிடக்கிறது. முதன்முறை பார்த்தபோது நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. பிச்சைப் பொருளைப் பரப்பிவைக்கும் துணி என்று எண்ணிக் கடந்துவிட்டோம். அதுபோலவே பின்னால் ஒரு கிழவி ஒரு சிறு வண்டியை இழுத்துச் செல்கிறாள். வண்டியில் ஒன்றுமில்லாததுபோல் தோன்றும். வெறும் வண்டியை அவள் ஏன் அவ்வளவு பாரமாக இழுக்கிறாள் என்று கேட்கவும் நமக்குத் தோன்றவில்லை.

புரூகலுக்குத் தந்தையின் பெயரையே கொண்ட மகன் ஒருவர் இருந்தார். தந்தை இறக்கும்போது அவர் சின்னஞ்சிறு பிள்ளை. வளர்ந்து ஓவியராகித் தந்தையின் படங்களைப் பிரதியெடுத்து விற்பதையே தொழிலாகக் கொண்டார். இந்த ஓவியத்தின் பிரதிகளும் அவற்றுள் உண்டு. பிரதி எடுப்பவர் என்று கலைவரலாற்றில் அவரை இரண்டாம் தரமாகவே பேசுவார்கள். ஆனால் இங்கே அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மகனின் பிரதிகளில் வெள்ளைத் துணி உள்ள இடத்தில் வயிறு வீங்கிய ஒரு மனித உடல் கிடக்கிறது. கிழவியின் வண்டியிலும் ஓர் உடல்.

தந்தையின் மூலத்திலும் அவை இருந்தன. புரூகலின் 450ஆம் நினைவாண்டையொட்டி 2018இல் வியன்னா அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்கு முன் பல ஆண்டுகளாக அவருடைய ஓவியங்களை எக்ஸ் கதிராலும் அகச்சிவப்புக் கதிராலும் ஆராய்ந்தார்கள். பிற்காலத்தில் வேறொரு கை இறந்தோரின் உருவங்களை வண்ணம் பூசி மறைத்திருப்பது இன்று ஐயமின்றித் தெரிந்த செய்தி. அந்தக் கைக்கு உரியவர் கொடியவர் என்று நாம் எண்ணவில்லை. மாளிகைச் சுவரில் மாட்டிய படத்தில், உணவு மேசைக்கு எதிரே, வீங்கிய பிணம் ஒன்று கிடப்பது யாருக்கோ உறுத்தியிருக்கலாம். வேறொருவரை அழைத்து, வெள்ளை வண்ணம் கொஞ்சம் போடச் சொன்னார். அவரும் நேர்த்தியாகவே போட்டுவிட்டுப் போனார்.

கவனிக்க வேண்டியது, மறைத்தவர் எவற்றைத் தொடாமல் விட்டார் என்பதுதான். களியாட்டத்தின் பன்றித் தலை அப்படியே இருக்கிறது. அழுக்கு மணப்பெண் கூத்தும் இருக்கிறது. கட்டைகளை ஊன்றிய முடவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கையான தோற்றம் உடையவர்கள் ஆதலின் அவர்களைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது போலும். காசு கொடுக்கும் கைகள் இருக்கின்றன. கொடுத்தும் பிழைக்காமற் போனவர்கள் மட்டும் இல்லை. களியாட்டத்தின் பக்கத்திலன்று, தவக்காலத்தின் பக்கத்திலே, கோவில் நிழலிலே, தர்மம் நடந்துகொண்டிருக்கும் இடத்திலே புரூகல் அவர்களைக் கிடத்தியிருந்தார். தவக்காலம் வென்றது என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாமற் செய்தவை அந்த இரு உடல்களே. அவை மறைந்தபின், ஒரு பக்கம் குடி, ஒரு பக்கம் தர்மம் என்று ஓவியம் இரண்டாகப் பிரித்துப் படிக்க வசதியாயிற்று. இறந்தோரை அடக்கம் செய்வதை 'அன்பு' படத்தில் வரைந்தவர், அடக்கம் செய்யப்படாதவரை இங்கே வைத்திருந்தார் என்பது நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தோர் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

இதை அறிந்தபின் மேசைமீதுள்ள அச்சுப்படி நமக்குப் பழைய படமாக இல்லை. சிரிப்பூட்டும் பீப்பாய்க்காரனையும் தேன்கூட்டு அம்மையாரையும் கடந்து, கண் நேரே வலப்புற மூலைக்குப் போய்விடுகிறது. பக்கத்தில் அமர்ந்து பார்த்த சிறுமி ஒருத்தி, அந்தத் துணியில் என்ன விற்கிறார்கள் என்று கேட்டாள். சொல்லத் தயங்கினோம், பின்பு சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, வண்டி இழுக்கும் கிழவியைத் தன் விரலால் தொட்டு, இவளுக்குத் தெரியும் அல்லவா என்றாள்.